கையை எடுத்துட்டுப் பாடு என்று சொல்லிவிட்டேன்: மைக் இல்லாக் கச்சேரி அனுபவங்கள்

சின்னாற்றங்கரை:

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிள்ளைகளின் சுற்றுச்சூழல் படிப்புக்காக நடக்கிற மைக் இல்லாக் கச்சேரிகளுக்கு இங்கே பலரும் போயிருப்பீர்கள். ஒரு கிட்டார், ஒரு புல்லாங்குழல், பறை, பிள்ளைகள் பாட்டு, முடிவில் துண்டேந்தி வசூல். தெரிந்த விஷயம்தான் என்பதால் நேராக வருகிறேன்.

போன மாசியில் பென்னாகரம் தாண்டி ஒரு ஊர். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. தண்ணீர்ச் சோதனைப் பெட்டி வாங்கத்தான் வசூல். பிள்ளைகளே கிணறு, கைப்பம்பு, போர் என்று ஒவ்வொன்றிலும் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். ஃபுளோரைடு, அதாவது அளவு மீறினால் பல்லில் கறை ஏற்றுகிற உப்பு, இருந்தால் இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்துவிட்டது, உண்மை. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைத்தானே மோந்து குடிக்கிறோம்?

ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பையன் பாட வந்தான். ஆற்றைப் பற்றி அவர்களே கட்டிய பாட்டு. முதல் வரியிலிருந்தே வலது உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு பாடினான். குரல் கைக்குள்ளேயே நின்றுவிட்டது. மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்: "தம்பி, கையை எடுத்துட்டுப் பாடுப்பா, கேக்கலை."

கையை எடுத்தான். முன்பல் நான்கிலும் பழுப்புக் கோடு, ஓரம் அரித்துப்போயிருந்தது. என்னை ஒரு தரம் பார்த்தான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். மற்ற பிள்ளைகள் பாட்டை இழுத்துக்கொண்டு போய் முடித்தார்கள். அவன் கடைசி வரை வாய் திறக்கவில்லை. எல்லாரும் கை தட்டினோம்.

எனக்கும் அதே பல்தான். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் பல் தெரியச் சிரித்திருக்க மாட்டேன். நாற்பத்தைந்து வருஷமாக நான் செய்வதைத்தான் அந்தப் பையனும் செய்தான். இது எனக்கே எப்படித் தோன்றாமல் போனது? அன்றிலிருந்து தூங்கப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்விதான்.

ராகிக்காடு:

அண்ணே, படித்துவிட்டு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் ஒன்று உண்டு.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையிலிருந்து உள்ளே. மார்கழிக் கடைசி, ராகி முற்றி நிற்கிற நேரம். பன்னேருகட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கி நொகனூர்க் காட்டில் நிற்கும், உங்களுக்குத் தெரியும். யானையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் பணம் சேர்ப்பதற்காகக் கச்சேரி. பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் முப்பது, நாற்பது பேர் வந்திருந்தார்கள். காட்டோரம் என்பதால் மைக், பெரிய லைட் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியாயிற்று. சாயந்திரமே முடித்திருக்க வேண்டும், இழுத்துக்கொண்டே போய் இருட்டிவிட்டது.

புல்லாங்குழல் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார் ஒருவர். அப்போது கிழக்கே, காவல் பரண் இருக்கிற பக்கமிருந்து, யானையை விரட்டுகிற தகர டின் சத்தம். டண் டண் டண் என்று. ஒன்று ஆரம்பித்ததும் இன்னொரு பரணிலிருந்து இன்னொன்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்கள். இரண்டு பையன்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள், அவர்கள் அப்பா அந்தப் பரணில்தான் இருந்தார். வந்திருந்தவர்கள் அதைத் தாளம் என்று நினைத்துவிட்டார்கள். டின் சத்தத்துக்குச் சரியாகக் கை தட்டினார்கள். ஒரு அம்மா "அருமை" என்று வாய்விட்டுச் சொன்னார்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இரண்டு பையன்களின் முகமும், கை தட்டுகிற சத்தமும் சேர்ந்து இருந்த அந்த அரை நிமிஷம்தான் மறக்க மாட்டேன் என்கிறது. அன்று இரவு கால் ஏக்கர் ராகி போனது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின்வரிசை:

சின்னாற்றங்கரை சார், குற்றம் உங்கள் மேல் இல்லை. மைக் வைக்காதவர்கள் மேல். ஒரு சின்ன மைக் இருந்திருந்தால் பையன் கையால் வாயை மூடியே பாடியிருப்பான், உங்களுக்கும் கேட்டிருக்கும்.

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தருமபுரி டவுனில் ஒரு கச்சேரிக்குப் போனேன். அம்மாவுக்குக் காது மந்தம். பிள்ளைகள் பாடுகிறார்கள் என்றதும் ஆசையாக வந்தார். கடைசிக்கு முந்தின வரிசையில்தான் இடம். ஒரு மணி நேரம் எல்லாரும் சிரிக்கும்போது சிரித்தார், தட்டும்போது தட்டினார். துண்டு வந்தபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய் போட்டார். வீட்டுக்கு வந்ததும் "என்ன பாட்டுடா பாடினாங்க?" என்று கேட்டார். நான் நினைவு வைத்து ஒரு வரி பாடிக்காட்டினேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற கச்சேரிக்குப் பின்வரிசையில் எதற்கு வசூல்? இயற்கைக்காக மைக் வேண்டாம் என்கிற பேச்சு எனக்குப் பிடிபடவே இல்லை.

பசுமைப்படை மிஸ்:

எங்கள் பள்ளி கிருஷ்ணகிரி அணைப் பக்கம். நான் தேசிய பசுமைப் படை என்கிற பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் ஆசிரியை. பிள்ளைகளின் காட்டு முகாமுக்காக இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளி முற்றத்தில் கச்சேரி வைத்தோம். கஞ்சிரா வாசிக்க ஒரு பெரியவர் வந்திருந்தார், எழுபது வயசிருக்கும், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர். வாசிப்பதற்கு முன் கஞ்சிராவின் உள்பக்கம் தண்ணீரைத் தொட்டுத் தடவிக்கொண்டார். சுருதி கொஞ்சம் இறங்குவதற்காகச் செய்வார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "தாத்தா, இது என்ன தோல்?"

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். இப்போது ஆட்டுத்தோல் கஞ்சிரா இருக்கிறது, பிளாஸ்டிக்கும் இருக்கிறது. அதில் ஒன்று என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவர் சொன்னார்: "உடும்பும்மா. எங்க வாத்தியார் குடுத்தது."

அன்று காலையில்தான் நான் அதே பிள்ளைகளுக்கு உடும்பைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தேன். 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி, பிடித்தாலே குற்றம் என்று போர்டில் எழுதிக் காட்டியிருந்தேன். முற்றத்தில் சத்தமே இல்லை. பெரியவர் கஞ்சிராவைத் துணிப்பையில் வைத்தார். எழுந்து போகவில்லை. மற்றவர்கள் வாசித்து முடிகிற வரைக்கும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். விரல் மட்டும் வேட்டியின் மேல் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

மறுநாள் அந்தப் பெண் என்னிடம் வந்து, "நான் கேட்டது தப்பா மிஸ்?" என்றாள். தப்பில்லை என்று உடனே சொன்னேன். அவரும் தப்பு செய்யவில்லை என்று சொல்ல வந்து, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டேன். இப்போது அவள் எட்டாம் வகுப்பு.

தணிக்கைக்காரர்:

ராகிக்காடு தம்பி, வந்தவர்கள் டின் சத்தத்துக்குக் கை தட்டியது பெரிய தப்பில்லை. 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக சிதார் ரவிசங்கரும் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரியில், சுருதி சேர்த்து முடித்ததற்கே கூட்டம் கை தட்டியது. பழக்கமில்லாத காதுக்கு எது பாட்டு, எது இல்லை என்று தெரியாது. வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. தருமபுரியில் ஒரு கச்சேரியில் பூக்காரப் பாட்டி ஒருவர் பத்து ரூபாய் போட்டுவிட்டு, "இது எந்தப் புள்ளைக்குப் போகும்?" என்று துண்டு ஏந்தியவரைக் கேட்டார். "எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் பாட்டி" என்றார் அவர். பாட்டி திருப்தியில்லாமல் போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன். வசூல் முடிந்ததும் அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும், இரண்டு பேர் எண்ணுங்கள். ஒருவர் அமைப்பில் இருப்பவர், இன்னொருவர் ஊர்க்காரர். தொகையைக் கரும்பலகையில் எழுதுங்கள். பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூத்தில் பத்து ரூபாய் கொடுத்தாலும் "இன்னார் அன்பளிப்பு" என்று ஆட்டத்தை நிறுத்திச் சொல்வார்கள், அதில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே துண்டுக்குள் போனது துண்டோடு போய்விடுகிறது. அப்புறம், பெரிய தொகை கொடுக்கிறவர்கள் வருமான வரியில் நன்கொடைக்கான கழிவு (80ஜி என்பார்கள்) கேட்பார்கள். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அந்தக் கழிவு கிடைக்காது, செக்காகவோ வங்கி வழியாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். 80ஜி பதிவு இருக்கிற அமைப்பின் பெயரில் ரசீது போட வேண்டும், தனி ஆள் கணக்கில் வாங்கவே கூடாது. இதெல்லாம் சின்னக் கச்சேரிக்கு எதற்கு என்பீர்கள். மேலே சொன்ன நியூயார்க் கச்சேரியில் டிக்கெட் பணம் யூனிசெஃபுக்குப் போய்விட்டது. இசைத்தட்டில் வந்த பெரும்பணம், முன்கூட்டி முறையாக ஏற்பாடு செய்யாததால், வரி விவகாரத்தில் பல வருஷம் மாட்டிக்கொண்டது. பசித்த குழந்தைகளுக்காகச் சேர்த்த பணம் அது.

பின்வரிசைக்கும் ஒரு வார்த்தை. மைக் வைத்தால் ஒலிபெருக்கி அனுமதி வாங்க வேண்டும், ராத்திரி 10 மணிக்கு நிறுத்த வேண்டும், பள்ளி, ஆஸ்பத்திரியிலிருந்து 100 மீட்டருக்குள் அமைதி மண்டலம் என்ற விதியும் இருக்கிறது. மைக் இல்லாவிட்டால் இந்த அலைச்சல் குறைவு. அந்தக் காரணத்தையும் நினைத்துப் பாருங்கள்.

பெட்ரோமாக்ஸ்:

தணிக்கைக்காரர் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் பின்வரிசை சொன்னதை ஒதுக்கிவிட்டு அனுமதிப் பேச்சுக்குப் போனது சரியில்லை. அவர் அம்மாவுக்குக் கேட்கவில்லை, அதுதான் விஷயம்.

எங்கள் அப்பா முப்பது வருஷம் கூத்தில் வேஷம் கட்டியவர். ஆரம்பத்தில் பெட்ரோமாக்ஸ் லைட்டுதான், மைக் கிடையாது. கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். எப்படி என்றால் ஜனம் மூன்று பக்கமும் நெருங்கி உட்காரும், பாடுகிறவருக்குப் பின்னால் நின்று பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திரும்பப் பாடுவார்கள், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் களமே போடுவார்கள். நாற்காலியை வரிசை வரிசையாகப் போட்டுவிட்டு மைக் வேண்டாம் என்றால் கேட்காது. வேப்பமரத்தடியில் திறந்த வெளியில் ஒரு சின்னப் பையனைத் தனியாக நிறுத்தினால் அவன் கையை எடுத்தாலும் கேட்டிருக்காது சார். வகுப்பறைச் சுவருக்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது வத்தல்மலையில் நடந்தது. மேலே நல்ல பனி. பறைத்தோல் தொய்ந்துபோய் ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. வழக்கம்போல வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சப் போனார்கள். நடத்துகிறவர்களில் ஒருவர் வந்து, சுற்றுச்சூழல் நிகழ்ச்சியில் புகை வேண்டாம், பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தடுத்துவிட்டார். பறைக்காரர்களில் வயசில் சின்னவன், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, பறையை வயிற்றோடு அணைத்து மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். குளிரில் அவனுக்கு உடம்பு நடுங்கியது. அரை மணி நேரம் அப்படியே இருந்தான். அப்புறமும் சத்தம் சரியாக வரவில்லை. இரண்டு கை வைக்கோல்தானே என்று நான் எழுந்து கேட்டிருக்க வேண்டும்.

சின்னாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. பின்வரிசை, உங்கள் அம்மா கேட்ட கேள்வியை என் வீட்டில் சொன்னேன், யாரும் சாப்பிடவில்லை கொஞ்ச நேரம். பெட்ரோமாக்ஸ், சுவர் விஷயத்தைப் பள்ளியில் சொல்லிவிடுகிறேன்.

சோதனைப் பெட்டி வந்துவிட்டது. அந்தப் பையன்தான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பிடிக்கிறானாம், ஆசிரியர் சொன்னார். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்கிற வீடுகளில், ஃபுளோரைடு கொதித்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும் என்று நின்று விளக்குகிறானாம். வாயை மூடிக்கொண்டா, மூடாமலா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் தெருவுக்கு வருகிற ஞாயிறு வருவார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டுப் போரிலும் எடுக்கச் சொல்லப் போகிறேன். அவனிடம் என் பல்லைக் காட்டிப் பேசலாமா, அல்லது அந்த நாளைக் கிளறாமல் விடுவதுதான் நல்லதா? பல் கறை இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வயசில் உங்களிடம் யார் என்ன சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள்.