மறு: ‘அன்ரெஜிஸ்டர்’ – பதிவுநீக்கம் ஒன்றே போதுமா?

> காம் கூறுகளை (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் துண்டுகள்) விண்டோஸின் பதிவேட்டிலிருந்து (ரெஜிஸ்ட்ரி) எடுப்பதற்குப் ‘பதிவுநீக்கம்’ என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. புரியும்தான். ஆனால் நீக்குவது யார் என்பதை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது.

விண்டோஸில் ஒரு டிஎல்எல்லை, அதாவது அந்தக் கூறு இருக்கும் நிரல் கோப்பை, பதிய ரெக்எஸ்விஆர்32 கட்டளை கொடுக்கிறோம். அது தன் கையால் எதையும் எழுதுவதில்லை. கோப்பை நினைவகத்தில் ஏற்றி, உள்ளேயிருக்கும் ‘டிஎல்எல்ரெஜிஸ்டர்சர்வர்’ செயற்கூறை அழைக்கிறது, அவ்வளவே. பதிவேட்டில் எழுதுவது டிஎல்எல்தான். பதிவை எடுக்க அதே கட்டளையோடு ‘/யு’ சேர்த்தாலும் அதே கதை. எழுதியதே வந்து அழிக்க வேண்டும்.

கோப்பே இல்லாவிட்டால்? போன மாதம் ஒரு கடையின் பில் கணினியில் மாட்டிக்கொண்டேன். பழைய மென்பொருள் வேண்டாமென்று யாரோ ஃபோல்டரையே டெலீட் செய்திருந்தார்கள். ‘/யு’ கொடுத்தால் மாட்யூலை ஏற்ற முடியவில்லை என்கிறது. பதிவேட்டைத் திறந்து காட்டும் ரெஜெடிட்டில் பார்த்தால், கூறுகளின் அடையாள எண்கள் இருக்கும் கிளாஸ்ஐடிக்குக் கீழே நெளிவு அடைப்புக்குள் 32 பதினறும இலக்கங்கள், அதனடியில் கோப்பின் இருப்பிடம் சொல்லும் இன்ப்ராக்சர்வர்32, அதில் டி டிரைவில் இல்லாத கோப்பின் பாதை, எழுத்துப் பிசகாமல். கடைசியில் பேக்கப்பிலிருந்து அதே டிஎல்எல்லை அதே இடத்தில் வைத்து ‘/யு’ கொடுத்தபின்தான் ஒழிந்தது. போய்ச் சேர்ந்தவரையே கூட்டிவந்து ரேஷன் கார்டில் பெயரை அடிக்கச் சொன்ன மாதிரி!

அதனால் இரண்டு சொல் வேண்டும். டிஎல்எல் தானே செய்வது ‘பதிவு நீங்கல்’. நாம் ரெஜெடிட்டில் புகுந்து கையால் அழிப்பது ‘பதிவு நீக்கல்’. தன்வினை, பிறவினை.

கோப்பு போனபின் தங்கிவிடும் பதிவை இங்கே சிலர் ‘அநாதைப் பதிவு’ என்கிறார்கள். ஆங்கில வாடை. ‘எச்சப்பதிவு’ எனலாம். காக்கை நினைவுக்கு வருகிறது என்பவர்கள் பெயரெச்சத்தை நினைக்கட்டும். ‘வந்த’ என்று நிறுத்தினால் காது ஒரு பெயரைத் தேடுகிறதே, அதே நிலைதான் இதற்கும். பாதை இருக்கிறது, முடித்துவைக்கக் கோப்பு இல்லை.

*

> டிஎல்எல் தானே செய்வது ‘பதிவு நீங்கல்’

எழுத்தில் அழகு. நான் நாள்பூராவும் போனில் ஆள்களுக்கு வழி சொல்கிறவன். நீங்கலும் நீக்கலும் அந்த இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். முதலாவதை ‘பதிவு விலகல்’ ஆக்குங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

எச்சப்பதிவுக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் எல்லாவற்றையும் அதில் அடைக்காதீர்கள். சில மென்பொருள்களில் நாம் பதிவை அழித்துவிட்டு நிம்மதியாக இருப்போம். மறுநாள் டெஸ்க்டாப் ஐகானை அழுத்தினால், கூறு ஒன்றைக் காணோமே என்று மென்பொருளை நிறுவிய விண்டோஸ் இன்ஸ்டாலர் தானே ரிப்பேரில் இறங்கி மறுபடி எழுதிவிடும். மேலே பிடுங்கிப் பயனில்லை, கிழங்கு இன்ஸ்டாலரின் கணக்கில் கிடக்கிறது. முறையாக அன்இன்ஸ்டால் செய்தால்தான் அடங்கும்.

அதை எங்கள் பக்கத்து வயல்காரர்களிடம் சொன்னால் உடனே பெயர் வைத்துவிடுவார்கள்: ‘கோரைப்பதிவு’.