அம்மாவோட டிப்ரஷன் மாத்திரைய ஜெனரிக்கு மாத்துனதுல இருந்து தூக்கமே இல்ல

வைகைக்கரையான்:
அம்மாவுக்கு மூணு வருஷமா எஸ்சிட்டலோப்ராம் ஓடுது, நல்லாத்தான் இருந்தாங்க. அப்பா ரிட்டயர் ஆனப்புறம் மாத்திரை செலவு இடிக்குதுன்னு இந்த மாசம் ஜெனரிக் கடைல வாங்கினோம், கடைக்காரரு பழைய அட்டைய மேலோட்டமா பாத்துட்டு அதே மருந்துதான்னு எஸ்சிட்டலோப்ராம் 10 குடுத்தாரு, விலை பாதிகூட வரல. நாலஞ்சு நாள்ல ஆரம்பிச்சது, ராத்திரி பூரா முழிச்சிருக்காங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கிறாங்க, ஒண்ணுமில்லாததுக்கு எரிஞ்சு விழுறாங்க. டாக்டர் திங்கக்கிழமதான் வருவாராம். ஜெனரிக்ல பவர் கம்மியா இருக்குமா?

டீக்கடை பெஞ்ச்:
ஜெனரிக்னாலே அப்டித்தான் பாஸ், மலிவா குடுக்கணும்னா எங்கயாவது கை வைக்கணும்ல. பேசாம பழசுக்கே போயிருங்க.

பார்மசி அக்கா:
பெஞ்ச் தம்பி, சும்மா பயமுறுத்தாதீங்க. எஸ்சிட்டலோப்ராம கண்டுபிடிச்சது டென்மார்க்ல இருக்குற லண்ட்பெக் கம்பெனி. கண்டுபிடிச்ச கம்பெனி இல்லாம வேற கம்பெனி செய்யுற அதே மருந்துக்குத்தான் ஜெனரிக்னு பேரு. நம்ம ஊர்ல "கம்பெனி மாத்திரை"ன்னு வாங்குறதுல முக்காவாசி நம்ம கம்பெனிங்களே செஞ்சு ஆளுக்கொரு பேர் வச்ச ஜெனரிக்தான், மக்கள் மருந்தகத்துல அதே மருந்து பேர் இல்லாம வருது, அவ்ளோதான்.

வைகைக்கரையான் தம்பி, பழைய அட்டை இருந்தா பின்னாடி திருப்பி காம்போசிஷன படிங்க. பேருக்குப் பின்னாடி பிளஸ், எல்எஸ்னு ஏதாவது ஒட்டிட்டு இருக்கா? இருந்தா உள்ள எஸ்சிட்டலோப்ராம்கூட கிளோனசெபாமும் இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. அது தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் குடுக்குறது, அத திடீர்னு நிப்பாட்டுனா நீங்க சொல்ற எல்லாமே வரும்.

கோவை ராத்திரி:
நான் டிப்ரஷனுக்கே வேற மருந்து சாப்பிடுறேன், புப்ரோபியான் எக்ஸ்எல், அதனால இத கொஞ்சம் படிச்சிருக்கேன். ஜெனரிக்ல பிரச்சனையே வராதுன்னும் சொல்ல முடியாதுங்க. அமெரிக்கால புடெப்ரியான் எக்ஸ்எல் 300ன்னு என் மருந்தோட ஜெனரிக் ஒண்ணு, 2006ல அனுமதி குடுத்தாங்க, ஆனா டெஸ்ட் பண்ணது 150 மில்லிகிராம்ல, அத வச்சே 300ம் ஓகேன்னு விட்டுட்டாங்க. சாப்பிட்டவங்க வேலை செய்யல, தலைவலி, தூக்கமில்லன்னு புகார் குடுத்துட்டே இருந்தாங்க, கடைசில அந்த ஊர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏவே டெஸ்ட் பண்ணி பாத்தா 300 ஒரிஜினலுக்கு சமமா ரத்தத்துல கலக்கல, 2012 அக்டோபர்ல மார்க்கெட்ட விட்டு எடுத்தாங்க. ஆனா அது மெதுவா கரையுற மாத்திரை, விஷயமே அந்த கரையுற டெக்னிக்லதான். எஸ்சிட்டலோப்ராம் சாதா மாத்திரை, அதுல இவ்ளோ சிக்கல் இல்ல. எக்ஸ்எல், ஈஆர்னு போட்ட மெதுவா கரையுற மாத்திரைய மட்டும் டாக்டர கேட்டு மாத்துங்க, மாசத்துக்கு ஒரு கம்பெனின்னு தாவாதீங்க.

வைகைக்கரையான்:
அக்கா, குப்பைல தேடி அட்டைய எடுத்தாச்சு. எஸ்சிட்டலோப்ராம் 10, கிளோனசெபாம் 0.5ன்னு போட்டிருக்கு!! எங்க யாருக்குமே தெரியாது. பழைய அட்டைல மிச்சம் ரெண்டு இருக்கு, இப்பவே குடுக்கவா?

பார்மசி அக்கா:
நீங்களா எதுவும் குடுக்காதீங்க, எஸ்சிட்டலோப்ராமயும் நிறுத்தாதீங்க. திங்கக்கிழம வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், ரொம்ப நாள் சாப்பிட்டு கிளோனசெபாம சட்டுனு விட்டா சிலருக்கு ஃபிட்ஸ்கூட வரலாம். கிளினிக் நம்பருக்கு அடிச்சு டாக்டர்கிட்ட போன்ல பேச முடியுமான்னு கேளுங்க, இல்லன்னா பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ரெண்டு அட்டையையும் எடுத்துட்டு இன்னைக்கே போங்க. அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ஃபிட்ஸ் வந்தாலோ பேச்சு குழறுனாலோ யோசிக்காம 108.

வைகைக்கரையான்:
டாக்டரே லைன்ல வந்தாரு. கிளோனசெபாம இன்னைல இருந்து தனியா திரும்ப குடுக்க சொல்லி சீட்டு அனுப்பிட்டாரு, நேர்ல பாத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாமாம். எஸ்சிட்டலோப்ராம் ஜெனரிக்லயே ஓடட்டும், அதுல ஒண்ணும் கோளாறு இல்லன்னுட்டாரு. பெஞ்ச் ப்ரோ, பாத்துக்கங்க 😄