சீட்டாட்டத்தில இருந்து வந்த பேச்சுகள்: தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கட வாசிகசாலை மலருக்கு, சீட்டாட்டத்தில இருந்து நம்மட வாய்க்கு வந்த சொற்றொடர்களைச் சேர்க்கிறன்.

செத்த வீட்டில விடியவிடிய 304 எண்ட சீட்டாட்டம் ஆடுறவங்களுக்குப் பக்கத்தில இருந்தா இது கொட்டும். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. ஒன்பது ராசாவை அடிக்கிற ஆட்டத்தில பேச்சுப் பிறக்காட்டித்தான் புதினம்! துரும்பு, அதாவது மற்றச் சீட்டு இனங்களை வெட்டுற இனம், எது எண்டு சொன்னவர் அந்த இனத்துச் சீட்டொண்டைக் கவிழ்த்து வைச்சிருப்பார். எலக்சன் நேரத்தில "ஆள் இன்னும் துரும்பைத் திறக்கல்ல" எண்டு சொல்றது இதை வைச்சுத்தான்.

இந்தத் துரும்பு எந்த வழியால வந்தது? போர்த்துக்கீசில 'துருன்ஃபு', டச்சில 'துரூஃப்', இங்கிலீசில 'டிரம்ப்'; மூண்டுக்கும் அடி 'வெற்றி' எண்ட சொல்தான். மட்டக்களப்புக் கோட்டை 1638இல போர்த்துக்கீசரிட்ட இருந்து டச்சுக்காரரிட்டப் போனது. மூண்டு இலை போட்ட சீட்டு இனத்துக்குச் சொல்ற 'கிளாவர்' டச்சு எண்டதில சந்தேகமில்ல. துரும்புக்கு ஆதாரம் இருந்தா தாங்க. "ஒரு துரும்பையும் அசைக்கமாட்டான்" எண்டதையும் சிலபேர் இதுக்குள்ள சேர்க்கிறாங்க. அது வைக்கோல் துரும்பு, வேணாம்.

"சீட்டுக் கிழிஞ்சுது" எண்டதும் விளையாட்டுச் சீட்டு இல்ல, துண்டுச் சீட்டு எண்டுதான் என்ட எண்ணம். மாறிச் சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க.

அக்கரைப்பற்று, கல்முனை, வாழைச்சேனைப் பக்கத்து ஆக்கள், உங்கட அப்பப்பாமார் ஆடக்குள்ள சொன்னதை அப்படியே எழுதுங்க. போர்த்துக்கீச, டச்சு வழியில வந்த பறங்கிக் குடும்பத்து ஆக்கள் வீட்டில துரும்புக்கு என்ன சொல்றீங்க?