இன்ஸ்டால விக்கற குழந்தைத் துணியை கடைக்கு கொண்டு போலாமுங்களா?

நொய்யல்காரி:
வணக்கம்ங்க. திருப்பூர்ல 3 வருசமா குழந்தைங்க துணி சொந்தப் பேர்ல போட்டுட்டு இருக்கறேன், 1 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும். கட்டிங் எங்க வீட்டு மாடில, தையல் ஜாப்வொர்க்குக்கு வெளிய குடுத்துருவேன். வியாபாரம் பூரா இன்ஸ்டாவும் வாட்சப்பும்தான், மாசம் 300 பீஸ் பக்கம் போகுது. இப்ப கோயமுத்தூர்ல ஒரு கடைக்காரரு "ரேக்ல வெச்சுக்கறேன், வித்தா காசு, இல்லைன்னா எடுத்துக்குங்க, எம்ஆர்பில 40% எனக்கு"ங்கறாரு. என்ற வீட்டுக்காரரு என்னடான்னா அவருக்கு எதுக்கு 40% குடுக்கோணும், கிராஸ்கட் ரோட்டுல சின்னதா நாமளே கடை போட்டுக்கலாம்ங்கறாரு. எனக்கு ரெண்டுமே பயமா இருக்குது. எம்ஆர்பி 499, டேக்ஸ் இல்லாம அடக்கம் 260.

ஈரோட்டு கடைக்காரன்:
அம்மணி, நான் கல்லாப்பெட்டிக்கு பின்னால உக்காந்திருக்கற ஆளு, அந்தப் பக்கத்துல இருந்தே சொல்றேன். 499ல 40% போனா 299, அதுல 5% ஜிஎஸ்டி போக 285, அடக்கம் 260 போக 25 ரூபா. அந்த 25ல வண்டி வாடகை, திரும்பி வர்ற பீஸு, உங்க சம்பளம் எல்லாம் அடங்கோணும், எங்க அடங்கறது? 499ங்கறது நேரா விக்கறதுக்கு போட்ட விலைங்க, அதுல கடைக்காரனுக்கு எடமே கெடையாது. கடைக்குன்னு 649, 699க்கு நிக்கற மாதிரி தனி டிசைன் பண்ணுங்க. அதே பீஸை இன்ஸ்டால கொறைச்சு போட்டுறாதீங்க, எங்க கடைல நின்னுக்கிட்டே போனை எடுத்து பாக்கறாங்க. பார்ட்டி கவுன் மாதிரி விலை கூடுன அயிட்டத்துக்கும் இப்ப பயப்பட வேண்டாம், 2025 செப்டம்பர் 22ல இருந்து 2500 ரூபா வரைக்கும் 5%தான், முன்ன 1000 தாண்டுனாலே 12%.

பனியன்பையன்:
அக்கா நான் பட்டவன் சொல்றேன். ஒரு கடைக்கு 600 பீஸ் இதே மாதிரி வித்தா காசுன்னு குடுத்தேன், ஆடித் தள்ளுபடில என்னைய ஒரு வார்த்தை கேக்காம 30% கொறைச்சு வித்துட்டு அந்த 30ஐ என்ற பில்லுலயே கழிச்சுட்டாங்க. அப்பறம் 210 பீஸ் திரும்பி வந்துச்சு, டேக் இல்ல, காலர்ல அழுக்கு, அதுலயும் பூரா சின்ன சைஸும் கடைசி சைஸும்தான், நடு சைஸெல்லாம் எப்பவோ தீந்துருச்சு, அது தீந்தப்பவே சொல்லியிருந்தா போட்டு குடுத்திருப்பேன். கடைசில நம்ம திருப்பூர் காதர்பேட்டை துணிச் சந்தைல வந்த விலைக்கு தள்ளுனேன்.

அதனால தள்ளுபடி யாரு தலைல, அழுக்கான பீஸ் யாரு கணக்குல, பணம் எத்தனை நாள்ல, இது மூணும் பேப்பர்ல வேணும். சின்ன தொழிலுக்கு மத்திய அரசு குடுக்கற உத்யம் பதிவை உற்பத்தியாளர்னு வாங்கிருங்க, வியாபாரின்னு இருந்தா பிரயோஜனமில்ல. எழுதி வெச்சா அதிகபட்சம் 45 நாள், எழுதலைன்னா 15 நாள்ல பணம் தரோணும்னு சட்டமே இருக்குது. ஆனா அந்த நாள் கணக்கு பில் போட்ட சரக்குக்குத்தான் உதவும், வித்தா காசுன்னா பில் போடாம சலான்லதான், அதாவது சரக்கு அனுப்பற சீட்டுலதான் போகும், 6 மாசத்துக்குள்ள திரும்பலைன்னா விக்கலைன்னாலும் நீங்க பில் போட்டே ஆகோணும்.

ஆர்எஸ்புரம் அக்கா:
தம்பி சொல்றது சரிதான், ஆனா வித்தா காசே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். பேர் தெரியாத பிராண்டை எந்தக் கடைக்காரரு காசு குடுத்து எடுப்பாரு? 60 பீஸ் குடுங்க, அதுக்கு மேல வேண்டாம், வாராவாரம் சைஸ் வாரியா மிச்சம் எவ்வளவுன்னு வாட்சப்ல கேளுங்க, ரெண்டு மாசம் ஓடுச்சுன்னா அடுத்த லாட் பில்லுக்குத்தான்னு இப்பவே பேசிக்குங்க. சொந்தக் கடை இப்போதைக்கு விடுங்க. மாசம் 300 பீஸ் பண்றவங்களுக்கு ஒரு கடை ரேக்கே நிறையாது, காலி ரேக்குக்கு யாரு வருவா. வீட்டுக்காரருக்கு ஆசை தீரலைன்னா கொடிசியால கண்காட்சி வர்றப்ப ஒரு ஸ்டால் எடுத்து ரெண்டு நாள் அவரையே நிக்க வெச்சுப் பாருங்க :)

பேரை டிரேட்மார்க் பண்ணியாச்சுங்களா? டிரேட்மார்க்ல ஒவ்வொரு வகை பொருளுக்கும் ஒரு கிளாஸ் இருக்குது, துணிக்கு 25வது கிளாஸ், சின்ன தொழிலுக்கு ஆன்லைன்ல 4500 ரூபா. ரேக்குக்கு போறதுக்கு முன்ன முடிச்சுருங்க.

நொய்யல்காரி:
டிரேட்மார்க் பண்ணலைங்க்கா, நாளைக்கே பாக்கறேன். 25 ரூபா கணக்கை வீட்டுக்காரர்கிட்ட காட்டுனேன், பேச்சையே காணோம். 699க்கு ஒரு கவுன் மனசுல இருக்குது, அடக்கம் 310 வரும்னு நெனைக்கறேன். ஈரோட்டு அண்ணா, சாம்பிள் எடுத்துட்டு வந்தா பாப்பீங்களா?

ஈரோட்டு கடைக்காரன்:
கொண்டாங்க அம்மணி, நடு சைஸ் 4 பீஸ் போதும். செவ்வாக்கிழமை மட்டும் வேண்டாம், சந்தை நாளு, தலை நிமிர முடியாது.