17,000 ரூபாய்க்கு ஒரு இந்தோனேசிய பேஸ் கிட்டார்: கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது?

பாளை நாலுதந்தி

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இரண்டு வருடமாக பேஸ் வாசிக்கிறேன், அதுவும் இரவல் பேஸ். கொடுத்த அண்ணன் கிறிஸ்துமஸுக்குள் திருப்பிக் கேட்டிருக்கிறார். சொந்தமாக ஒன்று வாங்கியே ஆக வேண்டிய நிலை.

மதுரையில் ஒருவர் ஃபெண்டர் ஜாஸ் பேஸ் வடிவத்தில் செய்த தன்னுடைய பேஸை 17,000க்குத் தருகிறார். ஹெட்ஸ்டாக் (ஸ்ட்ரிங்கை முறுக்கும் தலைப் பகுதி) பின்னால் ‘மேட் இன் இந்தோனேசியா’ என்று இருக்கிறது. எந்த கம்பெனி என்று இங்கே சொல்லவில்லை, சொன்னால் அதைப் பற்றித்தான் சண்டை நடக்கும், என் கேள்வி காணாமல் போய்விடும். புதிதாக வாங்கினால் கிட்டத்தட்ட 28,000 ஆகும் என்கிறார்கள்.

போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். அவர் வீட்டில் ஆம்ப் இல்லை, சும்மா வாசித்துப் பார்த்ததோடு சரி. ஸ்ட்ரிங் எல்லாம் துருப்பிடித்திருக்கிறது. நெக் ஓரமாகக் கையை ஓட்டினால் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) முனைகள் குத்துகின்றன. ஜி ஸ்ட்ரிங்கில் 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். ஸ்ட்ரிங்கும் ரொம்ப உயரமாக நிற்கிறது. ஆனால் மடியில் வைத்ததும் ஏனோ பிடித்துப்போய்விட்டது, அதுதான் பிரச்சினையே.

பெரியப்பா, அவரும் கிட்டார் வாசிப்பவர்தான், ‘இந்தோனேசியா, சைனா சாமான் எல்லாம் விறகு, காசு சேர்த்து அமெரிக்கன் வாங்கு’ என்கிறார். அமெரிக்கன் ஒன்றரை லட்சத்துக்கு மேலே போகிறது, நான் வாசிப்பதோ வாரம் ஒரு ஆராதனை, அப்புறம் கல்யாண சீசனில் நாலைந்து கச்சேரி. வாங்கலாமா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

மெல்லிசை மாமா

தம்பி, முதலில் பெரியப்பாவுக்குப் பதில். 1982இல் அமெரிக்க ஃபெண்டர் கம்பெனி ஸ்க்வையர் என்ற பெயரில் ஜப்பானில் கிட்டார் செய்ய ஆரம்பித்தது, விலை குறைந்த வரிசையாகத்தான். இன்றைக்கு அந்த ஆரம்ப கால ஜப்பான் ஸ்க்வையரைத் தேடித் தேடி நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அப்புறம் கொரியா, சைனா, இந்தோனேசியா என்று உற்பத்தி நகர்ந்தது. இந்தோனேசியாவில் சுராபயாவில் இருக்கும் கார்ட் கம்பெனி தொழிற்சாலையில் கார்ட் மட்டுமல்ல, ஸ்க்வையர், ஐபனேஸ், பிஆர்எஸ் எஸ்இ என்று பல பெயர்களுக்கு வேலை நடக்கிறது. ஸ்க்வையர் சீரியல் எண் ஐசிஎஸ் என்று ஆரம்பித்தால் அங்கே செய்தது என்று அர்த்தம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஆர்டர் கொடுத்தவன் எந்த விலைக்குக் கேட்டானோ அந்த விலைக்கான மரம், அந்த விலைக்கான சாமான், அந்த விலைக்கான நேரம், அவ்வளவுதான். நேரம் என்று நான் சொல்வது ஃப்ரெட்டை எவ்வளவு பொறுமையாகத் தேய்த்தார்கள் என்பதை. அதனால் ஒரே மாடலில் ஒன்று தேனாக இருக்கும், பக்கத்தில் தொங்குவது சுமாராக இருக்கும். ஊரைப் பார்க்காதே, கையில் இருக்கும் அந்த ஒன்றைப் பார்.

திருச்சியில் 22 வருஷம் மெல்லிசைக் குழுவில் வாசித்தவன் சொல்கிறேன், பேஸ் வாங்குவது என்றால் நெக் வாங்குவது. மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 70, 80 கிலோ இழுவை, அதைத் தாங்கிக்கொண்டு 34 அங்குல ஸ்ட்ரிங் நீளத்துக்கு நிற்க வேண்டிய மரம் அது. ஸ்ட்ரிங்கை ஸ்ருதி சேர்த்த பிறகு முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடி, ஒரு ஆள் உதவிக்கு வேண்டியிருக்கும். இப்போது அந்த ஸ்ட்ரிங்தான் உன் ஸ்கேல். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு போகிற அளவு சந்து இருந்தால் சரி, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். நாலைந்து கார்டு போனால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. சந்தே இல்லையென்றால் பின்னால் வளைந்திருக்கிறது. இரண்டுக்குமே ட்ரஸ் ராட் (வளைவைச் சரி செய்ய நெக்குக்குள் ஓடும் கம்பி) இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் விற்கிறவரிடம் கேட்டு, ஆலன் கீ போட்டு, அதைக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். இறுக்குவதற்கு முன் ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள். அசைந்து, பத்து நிமிஷத்தில் சந்து மாறினால் நல்லது. அசையவே மாட்டேன் என்றாலோ, ஏற்கெனவே கடைசி வரை இறுகியிருந்தாலோ, தம்பி, மரியாதையாக டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடு. அவர் கால் திருகுக்கே சம்மதிக்கவில்லை என்றாலும் அதேதான்.

அடுத்தது முறுக்கு. நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் ட்ரஸ் ராட் ஒன்றும் செய்யாது. பாடி பக்கம் இருந்து துப்பாக்கி குறி பார்ப்பது போல ஹெட்ஸ்டாக்கை நோக்கிப் பார், நட்டும் (ஹெட்ஸ்டாக் பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளம் வெட்டிய பட்டை) கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும்.

12க்கு மேலே மட்டும் சத்தம் என்கிறாய் அல்லவா, அது ஒரே ஒரு ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம், நெக்கின் அடி முனையே மேலே எழும்பியிருப்பதாகவும் இருக்கலாம். ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை மூன்று ஃப்ரெட் மேல் மட்டும் படுகிற மாதிரி வைத்து ஆட்டிப் பார். டிக் டிக் என்று ஊஞ்சல் ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். ஒன்றிரண்டு என்றால் தட்டியோ தேய்த்தோ சரி செய்துவிடலாம். வரிசையாக எல்லாமே ஆடினால் மொத்தமாக லெவல் பண்ண வேண்டும், அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேள்.

உயரம் பார்ப்பது கடைசியில்தான். பிரிட்ஜ் சேடிலை (பாடி பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சின்னத் துண்டு) திருகினால் இறங்கிவிடும். 17ஆவது ஃப்ரெட்டில் இ ஸ்ட்ரிங் 2.4 மில்லிமீட்டர், ஜி ஸ்ட்ரிங் 2 மில்லிமீட்டர் வரை கொண்டுவர முடிகிறதா என்று பார், முடிந்தால் போதும். சேடில் முழுசாக இறங்கிய பிறகும் உயரமாக நின்றால் நெக் சேரும் கோணத்தில் கோளாறு.

பனிக்குள் பேஸ்

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். ஃப்ரெட் முனை குத்துவதைப் பற்றி மட்டும் சொல்லலாம், ஏனென்றால் இங்கே அது வருடாவருடம் வருகிற வியாதி. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீற்றர் ஓடி ஓடிக் காற்று காய்ந்துபோகும், மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் ஃப்ரெட் முனைகள் வெளியே தள்ளிக்கொண்டு வரும். வாங்கின கோடையில் பட்டு மாதிரி இருந்த என் கிற்றார் சனவரியில் அரம் மாதிரி ஆகிவிட்டது. கூடாத கிற்றார் என்று நினைத்து விற்கப் பார்த்தேன், பிறகுதான் விஷயம் விளங்கியது.

மதுரை வெயிலும் எந்நேரமும் ஓடுகிற ஏசியும் அதையே செய்யும். அந்த வீட்டில் பேஸ் ஏசி அறையிலா தொங்கியது? அப்படியென்றால் அது குறையே இல்லை, சின்ன அரத்தால் சாய்வாக நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும், விரற்பலகையில் டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள். ஆனால் பேரம் பேசும்போது மட்டும் பெரிய குறை மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். 2017இல் விரற்பலகைக்குப் போடும் ரோஸ்வுட்டுக்கு சர்வதேசக் கட்டுப்பாடு வந்தபோது விலை குறைந்த கிற்றார் செய்பவர்களில் நிறையப் பேர் ‘இந்தியன் லாரல்’ என்ற மரத்துக்கு மாறினார்கள். 2019இல் இசைக் கருவிகளுக்கு விலக்குக் கொடுத்த பிறகும் பலர் திரும்பிப் போகவில்லை. ஏதோ மட்டரக மாற்று மரம் என்று கிற்றார்காரர்கள் முணுமுணுப்பார்கள். அது வேறொன்றும் இல்லை, நம்முடைய கருமருது. வீட்டுக்குத் தூணாகவும் உத்தரமாகவும் நின்ற மரம். கொஞ்சம் வெளிறி, வறண்டு தெரியும். எலுமிச்சை எண்ணெய் இரண்டு சொட்டு போட்டுத் துடைத்தால் கறுத்துவிடும்.

சால்டர் புகை

ஆம்பில் போடாமல் யாரும் எலக்ட்ரிக் பேஸ் வாங்காதீர்கள். சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றை இரவல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்). ஒன்றை மட்டும் திறந்தால் உறுமல் வரும், அது இயல்பு. வழக்கமாக ஒன்று தலைகீழாகச் சுற்றியிருப்பார்கள், அதனால் இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்தால் உறுமல் அடங்க வேண்டும். அடங்கவில்லையா, யாரோ உள்ளே கை வைத்து ஒயரை மாற்றியிருக்கிறார்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் உறுமல் குறைகிறதா என்றும் பாருங்கள். குறையவில்லை என்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் கிரவுண்ட் ஒயர் விட்டிருக்கும், ஒரு சால்டர் வேலை. வால்யூம் திருகும்போது கரகர என்றால் கான்டாக்ட் கிளீனர். அப்படியும் போகாவிட்டால் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் 250கே பாட்டை மாற்றினால் போதும், சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசு. இதற்காக எல்லாம் ஒரு நல்ல நெக்கை விட்டுவிடாதீர்கள்.

ஒரு வேடிக்கை: நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அதனால் ஜி வாசிக்கும்போது உறுமல் காதுக்குத் தெரியாது, பக்கத்து ஸ்வரத்துக்குப் போனதும் மாட்டிக்கொள்ளும். சோதிக்கும்போது எஃப் ஷார்ப் பிடித்து நிறுத்துங்கள், லேசாகத் தவறிய ஸ்ருதி மாதிரி அது அடியில் அலையும்.

சர்ச்சில் வாசிப்பவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பேஸைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் சுரீர் என்கிறதா? அது கிட்டாரின் குறை இல்லை, பிளக்கில் எர்த் இல்லை. மூன்று பின்னில் பெரிய பின்னை உடைத்துவிட்டுச் சொருகுகிற வழக்கம் எத்தனை மேடையில் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யாமல் அந்த ஆம்பைத் தொடாதீர்கள்.

புதுசே நல்லது

நான் மாற்றிச் சொல்வேன். இன்னும் கொஞ்சம் சேர்த்து புதிதாக யமஹாவோ கார்ட் கம்பெனி பேஸோ வாங்கி வாரண்டியோடு நிம்மதியாக இருங்கள். விசிட்டிங் கார்டு, ஸ்கேல், ஆலன் கீ என்று சர்ஜரிக்குப் போவது போலப் போக வேண்டியதில்லை.

மெல்லிசை மாமா

புதுசுக்கும் அதே ஸ்கேல், அதே கார்டுதான் ஐயா. ஒரு ஆன்லைன் கடையில் புத்தம்புது பெட்டியில் என் மருமகனுக்கு வந்த பேஸில் நட் பள்ளம் வெட்டாமலேயே அனுப்பியிருந்தார்கள் என்று சொல்லலாம், அவ்வளவு உயரம். முதல் ஃப்ரெட்டில் எதைப் பிடித்தாலும் ஸ்ருதி ஏறியே நின்றது. திருப்பி எடுத்துக்கொண்டார்கள்தான், ஆனால் அதற்கு மூன்று வாரம் ஆனது. செட்டப் பண்ணாத புதுசைவிட ஒருவர் அக்கறையாக வாசித்த பழசு மேல். துருப்பிடித்த ஸ்ட்ரிங்கைப் பார்த்தால் இந்த மதுரைக்காரர் அக்கறைக்காரர் இல்லை என்பது வேறு விஷயம்.

பாளை நாலுதந்தி

சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். கார்டு, ஸ்டீல் ஸ்கேல், ஆலன் கீ செட், தம்பியின் ஹெட்ஃபோன் ஆம்ப், ஒரு 45–105 தடிமன் ஸ்ட்ரிங் செட், எல்லாம் பையில். விற்பவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எட்டாவது ஃப்ரெட்டில் நாலு கார்டு போனது. கால் திருகு வைத்தேன், ‘டக்’ என்று ஒரு சத்தம், எனக்கு உயிரே போய்விட்டது, ஆனால் கொஞ்ச நேரத்தில் மூன்று கார்டாகக் குறைந்தது. மறுபடி கால் திருகு, இரண்டு. முறுக்கு இல்லை. 14ஆவது ஃப்ரெட் மட்டும் ஊஞ்சல் ஆடியது, மற்றவை அசையவில்லை. உறுமல் இரண்டும் திறந்தால் அடங்குகிறது. பேஸ் தொங்கியது ஏசி அறையில்தான், ரொறன்ரோ அண்ணா சொன்ன முகத்தை வைத்துக்கொண்டேன், 14,500க்கு வந்தார்.

புது ஸ்ட்ரிங் போட்டு வீட்டில் வாசிக்கும்போதுதான் ஒன்று கவனித்தேன். ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது ஃப்ரெட், அந்த சி மட்டும் உடனே செத்துவிடுகிறது. மற்ற ஸ்வரம் எல்லாம் ஐந்தாறு விநாடி நிற்கும்போது இது இரண்டு விநாடிகூட இல்லை. ஏமாந்துவிட்டேனா மாமா?

மெல்லிசை மாமா

இல்லை. அது டெட் ஸ்பாட், அந்த ஸ்வரத்தின் அதிர்வை நெக்கே வாங்கி விழுங்கிவிடுகிறது. இந்த வகை பேஸில் பெரும்பாலும் ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்திலிருந்து ஏழுக்குள்தான் வரும், உன் பெரியப்பா சொல்லும் அமெரிக்கனிலும் வரும். சந்தேகமாக இருந்தால் ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன கிளாம்பை மாட்டிவிட்டு வாசித்துப் பார், இடம் மாறும். இல்லையென்றால் அதே ‘சி’ ஸ்வரம் ‘டி’ ஸ்ட்ரிங்கில் பத்தாவது ஃப்ரெட்டில் இருக்கிறது, அங்கே போய் வாசி.

பாளை நாலுதந்தி

கிளாம்பு மாட்டினேன், சி பிழைத்துக்கொண்டது, பி ஃப்ளாட் செத்துவிட்டது! எங்கள் பாட்டுப் புத்தகத்தில் பாதிக்குமேல் சி மேஜர், பி ஃப்ளாட்டை யார் கேட்கப் போகிறார்கள். கிளாம்பு அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.