சஸ்டைனபிலிட்டி எம்பிஏ, கூடவே ஒரு டெர்ம் வெளிநாடு: திருப்பூர்க்காரனுக்கு இது தேவையா?

பனியன்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 28. டெக்ஸ்டைல் டெக்னாலஜி முடித்துவிட்டுத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இது ஐந்தாவது வருஷம். சேர்ந்தது மெர்ச்சண்டைசராக. ஒரு நாள் எங்களிடம் துணி வாங்கும் பையரிடமிருந்து ஹிக் எஃப்இஎம் (ஃபேக்டரியின் மின்சாரம், தண்ணீர், கழிவுக் கணக்கைக் கேட்கும் படிவம்) நிரப்பி அனுப்பச் சொல்லி மெயில் வந்தது, முதலாளி "நீதானப்பா நல்லா இங்கிலீஷ் எழுதுவ, நீயே பாத்துக்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டார், அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது விசிட்டிங் கார்டில் சஸ்டைனபிலிட்டி மேனேஜர். வேலை என்னவென்றால் கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல் ரசீது, பாய்லருக்கு வந்த விறகு லாரியின் எடைச்சீட்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன தண்ணீரின் மீட்டர் ரீடிங், இதையெல்லாம் தேடிப் பிடித்து எக்செல்லில் ஏற்றுவது. ஆடிட்டர் வரும் வாரம் தூக்கம் கிடையாது.

போன மாதம் ஒரு கேள்வியில் திணறிவிட்டேன். எங்களுக்குப் பல்லடம் பக்கம் இரண்டு காற்றாலை உண்டு. அதில் வரும் யூனிட்டை அப்படியே கழித்துவிட்டு மீதிக்குத்தான் கார்பன் கணக்கு போட்டிருந்தேன். ஆடிட்டர் இது எந்த முறைக் கணக்கு என்று கேட்டார், நான் விழித்தேன். அப்போதுதான் முறையாகப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு மூன்று கல்லூரிகளின் பிரோஷரைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சஸ்டைனபிலிட்டி இருக்கிறது, எல்லாவற்றிலும் குளோபல் எக்ஸ்போஷர் இருக்கிறது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பச்சை இலை படம். ஒரு இடத்தில் இரண்டு வார வெளிநாட்டுப் பயணம், இன்னொரு இடத்தில் ஒரு டெர்ம் எக்ஸ்சேஞ்ச். நேராக ஐரோப்பாவுக்கே போய் ஒரு வருஷ எம்பிஏ படித்துவிடலாமா என்றும் ஓர் ஆசை. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னால், "வெள்ளைக்காரன் நம்மூருக்கு வந்து கத்துக்கிட்டுப் போறான், நீ அங்க போய் என்னத்தக் கத்துக்கப் போற?" என்கிறார்.

படித்தவர்கள் சொல்லுங்கள். இதில் சரக்கு எவ்வளவு, சுற்றுலா எவ்வளவு?

கடனாளி_23:

சுற்றுலா எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன் நண்பரே, அதில் எனக்கு நேரடி அனுபவம்.

நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். குளோபல் இம்மர்ஷன் என்று பன்னிரண்டு நாள் வளைகுடாவுக்குக் கூட்டிப்போனார்கள். கல்விக் கட்டணம் போக அதற்குத் தனியாக வாங்கினார்கள், அதையும் கடனில் சேர்த்துத்தான் கட்டினேன். காலையில் பஸ், கையில் ஒரு சாண்ட்விச் பொட்டலம், ஏதோ ஒரு கம்பெனியின் கான்ஃபரன்ஸ் ரூம். ஒருவர் வந்து நாற்பது நிமிஷம் ஸ்லைடு ஓட்டுவார், அதில் ஸ்லைடு ஐந்தில் சோலார் பேனல் படம் கட்டாயம் உண்டு. கேள்வி கேட்க நேரம் இருக்காது, ஏனென்றால் வாசலில் குரூப் போட்டோ எடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் மால். அந்த ஏசி மாலுக்குள் உட்கார்ந்துகொண்டு கார்பன் குறைப்பு பற்றி ரிஃப்ளெக்ஷன் நோட் எழுதினேன், அதற்கு ஏ கிரேடும் வந்தது.

சேரும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அங்கே போய் எடுக்கும் பாடத்துக்கு அந்த ஊர்க் கல்லூரி மார்க் போடுமா, அந்த மார்க் நம் டிரான்ஸ்கிரிப்டில் ஏறுமா? ஆமாம் என்றால் எக்ஸ்சேஞ்ச். மழுப்பினால் டூர்.

மூன்றாம்_டெர்ம்:

மேலே சொன்னது நியாயம்தான், ஆனால் குறுகிய பயணம் எல்லாமே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் முன்னின்று 2012இல் தொடங்கிய குளோபல் நெட்வொர்க் ஃபார் அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட் என்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, இந்தியாவில் ஐஐஎம் பெங்களூரு அதில் உறுப்பினர். உறுப்புக் கல்லூரிகள் ஒரு வாரப் பாடம் நடத்தும், நாம் போய் மற்ற நாட்டு மாணவர்களோடு உட்கார்ந்து படிக்கலாம். ஒரே வாரம்தான் என்றாலும் நடப்பது பாடம். ஐஐஎம் கல்கத்தா செம்ஸ் என்ற பல நாட்டு மேலாண்மைக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் இருக்கிறது. செம்ஸ் பட்டத்துக்கு ஒரு டெர்ம் வேறு நாட்டுக் கல்லூரியில் கட்டாயம் படித்தாக வேண்டும்.

நான் ஒரு டெர்ம் கோபன்ஹேகனில் இருந்தேன். கற்றது என்ன என்று கேட்டால் வகுப்பை விட குரூப் வேலையைத்தான் சொல்வேன். ஐந்து பேர், ஐந்து நாடு. ஒரு துணிக் கம்பெனியின் சப்ளை செயினை எடுத்து எங்கே உமிழ்வு அதிகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் குழுவில் இருந்த டென்மார்க் பெண், டையிங் (சாயமிடுதல்) என்று எழுதியிருந்த கட்டத்தில் இணையத்தில் எங்கோ எடுத்த சராசரி எண் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். நான் ஈரோட்டுக்காரன். "அந்தக் கட்டத்துக்குள் ஒரு பாய்லர் இருக்கிறது, அதில் விறகு எரிகிறதா நிலக்கரி எரிகிறதா என்பதைப் பொறுத்து எண்ணே மாறிவிடும்" என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அதைப் பற்றித்தான் சண்டை. விறகை எரித்தால் வரும் கரியமில வாயுவை ஸ்கோப் 1இல் (ஃபேக்டரி தானே எரிபொருள் எரித்து விடும் உமிழ்வில்) சேர்க்காமல் தனியாகக் காட்ட வேண்டும் என்பதே அந்தச் சண்டையில்தான் எனக்குத் தெரிந்தது. அவளிடமிருந்து நான் கற்றது வேறு: பிராண்டு ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் மொத்த ஃபேக்டரியும் ஸ்கோப் 3இல் (சப்ளையர்கள் மாதிரிப் பிறர் வழியாக வரும் உமிழ்வில்) ஒரு வரி. அந்த ஒரு வரியை அவர் எதற்குக் கேட்கிறார், யாரிடம் காட்டுகிறார் என்று தெரிந்த பிறகு பையரின் மெயிலைப் படிக்கும் விதமே மாறிவிட்டது.

பனியன்காரன், உங்களிடம் இருப்பது அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் விஷயம். அதோடு போனால் நான்கு மாதம் போதும். வெறுங்கையோடு போனால் இரண்டு வருஷம் இருந்தாலும் ஸ்லைடுதான் மிஞ்சும்.

அப்புறம் குளிர். நவம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதை எந்த பிரோஷரும் சொல்லாது.

நொய்யல்கரை:

தம்பி, நான் எம்பிஏ படிச்சவனில்லை. அப்பா 1980களில் ஆரம்பித்த சாயப்பட்டறை எங்களுடையது. உங்க அப்பா சொன்னதைப் படித்ததும் எழுதலாம் என்று தோன்றியது.

நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் கட்டி முடித்தது விவசாயத்துக்காக. தேங்கியது எங்கள் பட்டறைக் கழிவு. அந்தத் தண்ணீரை வயலுக்கு விட வேண்டாம் என்று விவசாயிகளே கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மொத்தப் பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. 700க்கும் மேலே. எங்கள் பட்டறையில் கரண்டைப் பிடுங்கிய அன்றைக்கு அப்பா பாய்லர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர் ராத்திரி வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது விவசாயிகள் மேல் கோபம். இப்போது இல்லை, சென்னிமலைப் பக்கம் என் மாமனார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது. ஆர்ஓவில் வடிகட்டி, மிஞ்சிய உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பைப் பிரித்து, முடிந்த அளவு திரும்பச் சாயத்துக்கே போடுகிறோம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் பார்க்காமல் போகும் விஷயம் இரண்டு. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. அப்புறம் தண்ணீரைக் காய்ச்ச ராப்பகலாக எரிபொருள் எரிகிறது. தண்ணீரைக் காப்பாற்றப் போய்ப் புகை கூடுது. எதை எங்கே வைத்துக் கணக்குப் போடுவது என்று எனக்குச் சொல்லித்தர இங்கே ஆளில்லை. அதைச் சொல்லித்தருகிற படிப்பு என்றால் போய்ப் படி. ஆத்தைக் காப்பாத்தணும், பூமியைக் காப்பாத்தணும் என்று மட்டும் சொல்லித்தருகிற படிப்பென்றால் அதுக்கு லட்சக்கணக்கில் கொட்டாதே, நான் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்றேன்.

எக்செல்_அக்கா:

நொய்யல்கரை அண்ணா, அந்தப் புகைக் கணக்கு பற்றித் தனியாக ஓர் இழை போடுங்கள், நான் வருகிறேன்.

பனியன்காரன், நான் சென்னையில் இந்தத் துறையில் எட்டு வருஷமாக ஆலோசகர். முதலில் உங்கள் காற்றாலைக் கணக்கு. உமிழ்வுக் கணக்குக்கான சர்வதேச விதிமுறையான கிரீன்ஹவுஸ் கேஸ் ப்ரோட்டோகாலின் 2015 வழிகாட்டுதல்படி மின்சாரத்துக்கு இரண்டு எண் காட்ட வேண்டும். ஒன்று, நாம் இருக்கும் கிரிட்டின் (பொது மின்தொகுப்பின்) சராசரியை வைத்து. இந்தியாவுக்கு அது யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் பட்டியலில் இருக்கும். இரண்டாவது, நீங்கள் எந்த மின்சாரத்துக்கு ஒப்பந்தம் வைத்திருக்கிறீர்கள் என்பதை வைத்து. காற்றாலையை முதல் கணக்கில் கழிக்க முடியாது, இரண்டாவதில்தான் வரும். அதிலும் அந்த யூனிட்டுக்கு ஆர்இசி (பசுமை மின்சாரம் என்பதற்கான, விற்கக்கூடிய) சான்றிதழ் வாங்கி விற்றுவிட்டீர்களா என்று கணக்குப் பிள்ளையிடம் கேளுங்கள். விற்றிருந்தால் அந்தப் பசுமை வாங்கியவருக்குச் சொந்தம், உங்களுக்கு இல்லை. இதைத்தான் அந்த ஆடிட்டர் கேட்டிருப்பார்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் பிஆர்எஸ்ஆர் என்ற சஸ்டைனபிலிட்டி அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கிவிட்டது. அதை எழுத ஆட்கள் வேண்டும். ஆனால் வெளிநாட்டுச் சட்டத்தை மட்டும் நம்பி இரண்டு வருஷத்தை அடகு வைக்காதீர்கள். ஐரோப்பாவின் சிஎஸ்ஆர்டி (கம்பெனிகள் சஸ்டைனபிலிட்டி அறிக்கை தர வேண்டும் என்ற சட்டம்) 2023இல் அமலுக்கு வந்தபோது எங்கள் ஆபீஸில் கேக் வெட்டாத குறை. 2025 பிப்ரவரியில் அதே ஐரோப்பிய ஆணையம் ஆம்னிபஸ் என்ற பெயரில் பெரும்பாலான கம்பெனிகளை அதிலிருந்து விடுவிக்க முன்மொழிந்தது. காற்று அப்படி இப்படி வீசும். ஐரோப்பா இறக்குமதிக்குப் போடும் சிபாம் கார்பன் வரியிலும் இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் மாதிரிப் பொருள்கள்தான், துணி கிடையாது. உங்களுக்கு வரப்போவது டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த ஈக்கோடிசைன் சட்டத்தின் கீழ் துணியை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பனியன் எந்த நூலில், எந்தப் பட்டறையில், எந்தச் சாயத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் தரவு கேட்பார்கள். அந்தத் தரவு இருப்பது கோபன்ஹேகனில் இல்லை.

படிப்பு என்றால், ஐஐஎம் லக்னோ 2015 முதல் சஸ்டைனபிள் மேனேஜ்மென்ட்டுக்கென்றே தனியாக இரண்டு வருஷப் படிப்பு நடத்துகிறது, கேட் நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும். டெல்லியில் டெரி பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. ஜெர்மனியில் லூனபர்க் நகரத்து லாய்ஃபனா பல்கலைக்கழகம் 2003இலேயே இந்த எம்பிஏவைத் தொடங்கிவிட்டது, ஆனால் ஜெர்மன் தெரிய வேண்டும். பொதுவாக ஜெர்மனி இலவசம் என்று ஒரு பேச்சு உண்டே, அது அரசுப் பல்கலைகளின் வழக்கமான முதுகலைக்கு. எம்பிஏவுக்குக் கட்டணம் உண்டு. விசாவுக்கு ஒரு வருஷச் செலவை, 2024 செப்டம்பர் நிலவரப்படி 11,904 யூரோ, முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற பேங்க் கணக்கில்) போட்டுக் காட்ட வேண்டும். கல்விக் கடன் வட்டிக்கு 80இ வரிக்கழிவு கிடைக்கும் என்று பேங்கில் சொல்வார்கள். பழைய வரிமுறையில் இருந்தால்தான் அது கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐநாவின் பிரைம் (பொறுப்பான மேலாண்மைக் கல்விக்கான உறுதிமொழி) கையெழுத்து, சர்வதேச ரேங்க் இதையெல்லாம் பார்த்து மயங்க வேண்டாம். 2007இல் தொடங்கிய பிரைமில் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கல்லூரிகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. இரண்டாம் வருஷப் பாடத்திட்டத்தை எடுத்து, கார்பன் கணக்கை மாணவர்கள் கையால் போட வைக்கும் பாடம் ஒன்றாவது இருக்கிறதா, ஃபைனான்ஸ் வாத்தியார் கார்பன் விலையை முதலீட்டுக் கணக்கில் சேர்த்துச் சொல்லித்தருகிறாரா என்று பாருங்கள். தனியாக ஒரு சஸ்டைனபிலிட்டி எலெக்டிவ், அதுவும் வெளியூர் விருந்தினர் வந்து சனிக்கிழமை எடுப்பது என்றால் வேண்டாம்.

கடனாளி_23:

அக்கா, 80இ விஷயத்தை எனக்கு மூன்று வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்.

பனியன்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கணக்குப் பிள்ளையிடம் இன்று காலையிலேயே கேட்டுவிட்டேன். ஆர்இசியா, அது என்ன என்று திருப்பிக் கேட்டார். பழைய ஃபைலைத் தூசு தட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருஷம் கேட் எழுதுகிறேன், எக்ஸ்சேஞ்ச் டெர்ம் இருக்கும் இடங்களுக்கு மட்டும் போடப் போகிறேன். ஐரோப்பா நேரடி எம்பிஏவை இப்போதைக்கு மூட்டை கட்டிவிட்டேன், வீட்டுக் கடனோடு அது தாங்காது. பன்னிரண்டு நாள் டூர் கல்லூரிக்காரர் இன்றும் மூன்று முறை கூப்பிட்டார். மார்க் ஏறுமா என்று கேட்டேன், "சார், சர்டிஃபிகேட் தருவோம் சார்" என்றார்.

நொய்யல்கரை அண்ணா, உங்கள் எவாப்பரேட்டரில் மாதம் எவ்வளவு விறகு எரிகிறது, எவ்வளவு தண்ணீர் திரும்ப வருகிறது என்ற கணக்கு கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

நொய்யல்கரை:

ஞாயிறு வேண்டாம், அன்றைக்கு பாய்லர் நிற்கும், ஒன்றும் பார்க்க முடியாது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வா. விறகுச் சீட்டெல்லாம் ஒரு சாக்குப்பையில் கிடக்கு, நீதான் பிரிக்கணும்.