'கிரேசி ஃபார் யூ' நாடகம்: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை அழைத்துப் போகலாமா?

எடிசன் வித்யா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நியூ ஜெர்சியில எடிசன் பக்கம் இருக்கோம். பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவ ஸ்கூல்ல இந்த வருஷ மியூசிக்கலுக்கு (பாட்டும் டான்ஸுமா நடக்கற நாடகம்) 'கிரேசி ஃபார் யூ' எடுத்திருக்காங்க. அவளுக்கு வசனம் கிடையாது, நியூயார்க்கிலிருந்து வர்ற டான்ஸ் பொண்ணுங்கள்ல ஒருத்தி. ஒரு பாட்டுல கையில கயிறைப் பிடிச்சு நின்னு 'பேஸ்'ங்கற ஆள் உயர வயலின் மாதிரி வாத்தியமாவே மாறணுமாம். தினமும் ஒன்பது மணிக்குத்தான் ரிகர்சல் முடிஞ்சு வர்றா, உள்ளங்கையெல்லாம் சிவந்து கிடக்கு.

என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து ரெண்டு மாசம் ஆச்சு. 71 வயசு. இங்கிலீஷ் தட்டுத்தடுமாறிப் புரியும், அமெரிக்கக்காரங்க வேகமாப் பேசினா புரியாது. பேத்தி ஆடுறதைப் பார்க்கணும்னு ஆசையா இருக்காங்க. ஆனா ரெண்டரை மணி நேரம் உட்காரணும், பாட்டெல்லாம் 1920, 30களோட பாட்டு. எனக்கே அதுல ஒண்ணு ரெண்டுதான் காதில விழுந்திருக்கு. அம்மாவுக்கு முன்னாடியே என்ன சொல்லி வைக்கலாம்? கதையைச் சொல்லிடலாமா? எந்த இடத்துல சீட் எடுக்கலாம்? பார்த்தவங்க, இதுல வேலை செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ராலே முருகன்:

தாராளமா அழைச்சிட்டுப் போங்க. 2023ல லண்டன் போனப்ப கில்லியன் லின் தியேட்டர்ல பார்த்தேன், சார்லி ஸ்டெம்ப் ஆடினார். என் மனைவிக்கு மியூசிக்கல்னாலே தூக்கம் வரும், அவங்களே கடைசி வரைக்கும் சிரிச்சாங்க. கதையை மட்டும் முழுசா முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லைன்னா ஆள்மாறாட்டத்துல குழம்பிடுவாங்க. பாட்டுகளை வீட்டுல ரெண்டு தடவை போட்டுக் காட்டினாப் போதும்.

சின்சினாட்டி சரோஜா:

வித்யா, எனக்கு உங்க அக்கா வயசு இருக்கும், அதனால உரிமையோட எழுதறேன். எங்க ஊர் கம்யூனிட்டி தியேட்டர்ல ஒன்பது வருஷமா மேடைச் சாமான்கள் பார்த்துக்கற வேலை எனக்கு. சம்பளம் இல்லாத வேலை, மனசுக்குப் பிடிச்ச வேலை. இந்த நாடகத்துக்கு நாலு மாசம் உழைச்சிருக்கேன். ஒவ்வொரு தகரமும் கயிறும் என் கை வழியாத்தான் மேடைக்குப் போச்சு.

முதல்ல பாட்டுகளைப் பத்தி. எல்லாமே ஜார்ஜ் கெர்ஷ்வின் இசை. வரிகள் பெரும்பாலும் அவரோட அண்ணன் ஐரா எழுதினது. 1930ல 'கேர்ள் கிரேசி'ன்னு ஒரு நாடகம் பிராட்வேயில, அதாவது நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகள்ல, வந்தது, 272 காட்சி ஓடிச்சு. எதல் மெர்மன்ங்கற பெரிய பாடகி பிராட்வேக்கு அறிமுகமானது அதுலதான். பின்னாளில சினிமா நட்சத்திரமான ஜிஞ்சர் ராஜர்ஸும் அதுல நடிச்சாங்க. மேடைக்குக் கீழே வாத்தியக் குழுவுல பென்னி குட்மேன், க்ளென் மில்லர், ஜீன் க்ரூப்பான்னு பின்னாளில ஜாஸ் இசையில தனித்தனியா கொடி நாட்டின மூணு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தாங்க. 1992ல கென் லட்விக் அந்த நாடகத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, கதையைப் புதுசா எழுதினார். பழைய நாடகத்தோட அஞ்சு பாட்டு வெச்சுக்கிட்டு, மத்ததை கெர்ஷ்வின் சகோதரர்களோட வேற நாடகங்கள், சினிமாக்களிலிருந்து கொண்டுவந்தாங்க. 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' 1926ல வந்த இன்னொரு நாடகத்தோட பாட்டு. உங்க பொண்ணு ஆடற 'ஸ்லாப் தட் பேஸ்' 1937ல டான்ஸ் நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டேரோட சினிமாவுக்குப் போட்டது. அதே வருஷம் ஜூலையில ஜார்ஜ் மூளைக் கட்டியால இறந்துட்டார். 38 வயசு. இந்த நாடகத்துல வர்ற நாலு பாட்டு அந்த வருஷம் நவம்பர்ல வெளிவந்த படத்தோடது. அதை அவர் திரையில பார்க்கவே இல்லை. அந்தச் சந்தோஷமான பாட்டுகளைக் கேட்கிறப்ப எனக்கு அந்த நினைப்பு வராம இருக்காது.

இதைத் தயாரிச்சவர்ல ஒருத்தர் எங்க ஊர்ல பிறந்தவர், ராஜர் ஹார்ச்சோ. சின்னப் பிள்ளையா இருந்தப்ப அவர் வீட்டுக்கு கெர்ஷ்வின் வந்து பியானோ வாசிச்சாராம். பெரியவரானதும் தபால் கேட்டலாக் வியாபாரத்துல சம்பாதிச்சு, கம்பெனியை வித்துட்டு இந்த நாடகத்துல இறங்கினார். அது 1,622 காட்சி ஓடி, சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருதும் (பிராட்வே நாடகங்களுக்கான பெரிய விருது) வாங்கிச்சு. சின்ன வயசுல காதுல விழுந்த இசை ஒரு மனுஷனை அறுபது வயசுக்கு மேல என்ன செய்ய வைக்குது பாருங்க.

கதையை முழுசாச் சொல்லணும்னு முருகன் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லை. பாதிதான் சொல்லணும். நியூயார்க்ல ஒரு பேங்க் குடும்பத்துப் பையன் பாபி. ஆடணும்னு ஆசை, அம்மா விடமாட்டா. நெவாடா பாலைவனத்துல டெட்ராக்னு ஒரு தூங்குமூஞ்சி ஊர், அங்க கடன் கட்டாத பழைய தியேட்டர் ஒண்ணை ஜப்தி பண்ண அனுப்பறா. போன இடத்துல தியேட்டர்காரரோட மகள் பாலியைப் பார்த்துக் காதல். தியேட்டரைக் காப்பாத்த நாடகம் போடலாம்னு கிளம்பறப்ப, பேங்க்லிருந்து வந்தவன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். அவன் தாடி ஒட்டிக்கிட்டு ஸாங்லர்ங்கற பெரிய நாடகத் தயாரிப்பாளர் மாதிரி வேஷம் போட்டு வருவான். அவ அந்த வேஷத்து மேலயே ஆசை வெச்சிடுவா. இந்த இடத்தோட நிறுத்திக்கோங்க. அதுக்கப்புறம் நிஜ ஸாங்லரும் பொய் ஸாங்லரும் குடிச்சுட்டு ஒரே மேஜையில எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தர் கையைத் தூக்கினா மத்தவரும் தூக்கி, கண்ணாடிக்கு முன்னாடி இருக்கற மாதிரி ஆடற காட்சி வரும். அதுக்கு இங்கிலீஷ் துளியும் வேண்டாம். அம்மா அதைத் தானாக் கண்டுபிடிச்சுச் சிரிக்கட்டும், அந்தச் சந்தோஷத்தைப் பறிச்சுடாதீங்க.

சீட் விஷயம்தான் முக்கியம். பேத்தி முகம் தெரியணும்னு முதல் வரிசையில எடுத்துடாதீங்க. மேடை விளிம்பு பாதத்தை மறைச்சிடும். இந்த நாடகத்துல பாதி நகைச்சுவை காலுலயும் கையில இருக்கற சாமான்லயும்தான் இருக்கு. டான்ஸ் அமைச்ச சூசன் ஸ்ட்ரோமனுக்கும் டோனி கிடைச்சது. கையில கிடைச்சதையெல்லாம் வாத்தியமாக்கிட்டாங்க அந்தம்மா. முதல் பாதி முடியற 'ஐ காட் ரிதம்' பாட்டுல சுரங்கக்காரங்களோட மண்வெட்டி, தங்கம் அரிக்கற தட்டு, கூரைத் தகரம் எல்லாமே தாளம் போடும். மாடி இருந்தா மாடி. இல்லைன்னா எட்டாவது வரிசைக்குப் பின்னால நடுவுல எடுங்க.

அந்தத் தகரத்தைப் பத்திச் சொல்லாம விட மனசு வரலை. நான் ஹார்டுவேர் கடையில புது நெளித்தகரம் நாலு ஷீட் வாங்கிட்டு வந்தேன். முதல் ரிகர்சல்லயே ஓரம் பட்டு ஒரு பையனோட கெண்டைக்கால்ல கோடு மாதிரி கீறிடுச்சு. சின்னக் காயம்தான், ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் கராஜ்ல உட்கார்ந்து எல்லா ஓரத்தையும் உள்பக்கமா மடிச்சு, சுத்தியால தட்டித் தட்டி அமுக்கி, மேல துணி டேப் சுத்தினோம். அப்பவும் இன்னொரு சங்கடம். அடியில உலோகத் தகடு வெச்ச டான்ஸ் செருப்பு, டாப் ஷூ, பட்டா தகரம் 'ணங்'குன்னு நீளமா ரீங்காரம் போட்டு அடுத்த தட்டை விழுங்கிடுச்சு. அடியில ப்ளைவுட் வெச்சு, நெளிவோட பள்ளத்துல எல்லாம் ஸ்க்ரூ முடுக்கின பிறகுதான் ஒவ்வொரு தட்டும் உளுந்து விழற மாதிரி தனித்தனியாக் கேட்டுச்சு. டான்ஸ் டைரக்டர் ஏறி நின்னு ஒரே ஒரு அடி அடிச்சுப் பார்த்துட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. எனக்கு அது போதும்.

உங்க பொண்ணோட கயிறுக்கு வருவோம். தலைக்கு மேல ஒரு நுனி, கீழே ஒரு நுனி, நடுவுல அவ நிக்கணும். பின்னால பையன் வந்து கயிறைச் சுண்டுவான். கயிறு தொய்ஞ்சா வாத்தியம்ங்கற எண்ணமே போயிடும், அதனால பாட்டு முழுக்க இழுத்துப் பிடிச்சிருக்கணும். கை சிவக்கறது அதனாலதான். நாங்க நைலான் கயிறை மாத்திப் பருத்திக் கயிறு கொடுத்தோம், உங்க ஸ்கூல்லயும் கேட்டுப் பாருங்க. ராத்திரி படுக்கறப்ப உள்ளங்கையில தேங்காய் எண்ணெய் தேய்ச்சு விடுங்க. மேடைக்கு முன்னாடி மட்டும் கூடவே கூடாது, வழுக்கும். சத்தம் வர்றது கீழே இருக்கற நிஜ பேஸ் வாத்தியத்திலிருந்துதான், மேல கயிறும் கீழே தந்தியும் ஒரே நொடியில அசையணும். அவளுக்கு வசனம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பாட்டுல அவ நிக்கறது அரைப் பக்க வசனத்தை விடக் கஷ்டம். அதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க.

தம்பூரா:

சரோஜா அம்மா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். நான் டெக்சஸ்ல பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தர்றேன். வித்யா, உங்க அம்மா கும்பகோணம்னு சொல்றீங்க, கச்சேரி கேட்ட காதாத்தான் இருக்கும். 'ஐ காட் ரிதம்' முதல் வரி கீழ்ப் பஞ்சமத்திலிருந்து ப த ச ரின்னு ஏறும், அடுத்த வரி அதே நாலு படியில ரி ச த பன்னு இறங்கும். மோகனத்தோட படிகள். ராகமா அதைப் பாடறதில்லை, கமகமும் கிடையாது, நடுப்பகுதியில வேற எங்கேயோ போயிடும். ஆனா அந்தத் தொடக்கம் நம்ம காதுக்கு அந்நியமா இருக்காது. இன்னொரு அழகு: தாளம் நாலு நாலா ஓடறப்ப இந்த ஸ்வரங்கள் முதல் அடியை விட்டுத் தள்ளி எடுத்து, மும்மூணா விழும். சதுஸ்ரத்துல திஸ்ரம் போட்ட மாதிரி. அம்மாவைத் தொடையில தாளம் போட்டுக்கிட்டே கேட்கச் சொல்லுங்க. இந்தப் பாட்டோட கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கற ஸ்வரங்கள்) வரிசை மேலயே ஜாஸ் கலைஞர்கள் நூத்துக்கணக்குல புது மெட்டுகள் கட்டியிருக்காங்க. இன்னிக்கும் ஜாஸ் கத்துக்கறவங்க முதல்ல கத்துக்கற அஸ்திவாரங்கள்ல இது ஒண்ணு.

எடிசன் வித்யா:

வெள்ளிக்கிழமை போயிட்டு வந்தோம், உடனே எழுதணும்னு உட்கார்ந்துட்டேன். முதல்ல மன்னிச்சுக்கோங்க சரோஜாக்கா, உங்க பதில் வர்றதுக்கு முன்னாடியே மூணாவது வரிசையில டிக்கெட் வாங்கிட்டேன். கால் பாதிதான் தெரிஞ்சது.

அம்மாகிட்ட வியாழக்கிழமை ராத்திரி தாடி ஒட்டற வரைக்கும் கதை சொன்னேன், அப்புறம் நிறுத்திட்டேன். அந்தக் கண்ணாடிக் காட்சியில அம்மா என் கையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எங்கப்பா போன பிறகு அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. ரெண்டாவது பாதியில பாலி தனியா நின்னு 'பட் நாட் ஃபார் மீ' பாடினா. பதினேழு வயசுப் பொண்ணு. அர்த்தம் சொல்லட்டுமான்னு காதுகிட்ட போனேன், வேண்டாம்னு கையைக் காட்டிட்டாங்க. தம்பூரா சார் சொன்ன மாதிரி தாளமும் போட்டுப் பார்த்தாங்க. "ரெண்டாவது தடவைதான் எடுப்பு பிடிபட்டுது"ன்னாங்க.

கயிறுப் பாட்டு வந்தப்ப நான் என் பொண்ணையே பார்த்துக்கிட்டிருந்தேன். கை நடுங்கலை, கயிறு ஒரு இடத்துல கூடத் தொய்யலை. கார்ல வர்றப்ப அம்மா கேட்டாங்க, "கீழே குண்டு வீணை மாதிரி ஒண்ணை நிக்க வெச்சு வாசிச்சானே ஒரு பையன், அவன் நோட்டுப் புஸ்தகத்தைப் பார்க்கவே இல்லை, கவனிச்சியா? மேல கயிறு சுண்டற விரலையேதான் பார்த்துட்டிருந்தான்." நான் கவனிக்கலை. பின் சீட்லிருந்து என் பொண்ணு சொன்னா, "ஆமா பாட்டி, நாங்க மூச்சு விட்டாத்தான் அவன் வாசிப்பான், அப்படித்தான் பழகினோம்." ரெண்டு பேரும் வீடு வர்ற வரைக்கும் அதையே பேசிட்டு வந்தாங்க.

நாளைக்குக் கடைசிக் காட்சி. அம்மா மறுபடியும் போகணும்கறாங்க, இந்தத் தடவை காலைப் பார்க்கணுமாம். அந்த ஸ்கூல்ல மாடி இல்லை அக்கா. ஒன்பதாவது வரிசையில நடுவுல ரெண்டு சீட் எடுத்துட்டேன்.